மூக்குக்கு மூக்கு வேறு



யூசுப் நபி (அலை) அவர்களின் சட்டையோடு ஒட்டகக் கூட்டம் மிஸ்ரை விட்டுப் புறப்பட்டபோதே, தொலைவில் இருந்த யஃகூப் நபி (அலை) அவர்கள் தம் மகனின் வாடையை உணர்ந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்கோ ஒன்றும் தெரியவில்லை. பழைய மயக்கம் இன்னும் தீரவில்லை என்று பேசினார்கள். திருமறையின் யூசுப் அத்தியாயம் இதை எடுத்துரைக்கிறது.

அது நபிமாருக்குரிய முஃஜிஸா. அதை விஞ்ஞானத்தால் அளக்க நாம் துணியவில்லை. ஆனால் ஒருவர் மூக்குக்குத் தெரிவது அடுத்தவருக்குத் தெரியாமற்போவது நம் வீடுகளில் அன்றாடம் நடப்பதுதான்.

மூக்கின் மேற்கோடியில் மோப்ப உயிரணுக்கள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. வாசனைத் துகளைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் அவற்றின் மேல் உள்ளன. பெரும்பாலும் ஓர் உயிரணுவுக்கு ஒரே வகைப் புரதம்தான். அதைச் செய்யும் விதம் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் ஆகிய அமெரிக்க விஞ்ஞானிகள் இம்மரபணுக் குடும்பத்தை 1991-இல் எலிகளிடம் கண்டறிந்து, 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரிடம் வேலை செய்பவை சுமார் 400.

இந்த எழுத்து ஆளுக்கு ஆள் சிறிது மாறுகிறது. வியர்வையில் உள்ள ஆண்ட்ரோஸ்டினோன் என்னும் பொருள் ஒருவருக்கு மூத்திர நெடி. இன்னொருவருக்கு இனிய மணம். மற்றொருவருக்கு வாசனையே இல்லை. ஓஆர்7டி4 என்னும் ஒரு மரபணுவின் வேறுபாடு இதற்கு ஒரு காரணம் என்று 2007-இல் தெரியவந்தது.

பச்சை வெங்காயமும் பூண்டும் தின்றவர் பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மனிதருக்குத் தொல்லை தருவது மலக்குகளுக்கும் தொல்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஆகவே இங்கே அளவுகோல் அடுத்தவரின் மூக்கு. 'எனக்கு ஒன்றும் நாறவில்லையே' என்பது சாக்காகாது. தன் வாடை தனக்குப் பழகிவிடும். சட்டையை மாட்டுமுன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதில் என்ன குறைச்சல்?

எங்கள் மஹல்லாவில் ஒரு பெரியவர். அவர் பக்கத்தில் ஸஃப்பில் நிற்க எல்லோரும் தயங்குவார்கள். நானும் இரண்டு முறை இடம் மாறி நின்றேன். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது அடுப்பில் பால் தீய்ந்து நெடி தூக்கியது. அவர் நிம்மதியாகத் தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன்.

"2020-இல் கொரோனா வந்தப்போ போன மோப்பம் தம்பி, திரும்பவே இல்லை" என்றார்.

மறுநாள் ஃபஜ்ருக்கு அத்தர் புட்டியோடு போய் அவர் பக்கத்திலேயே நின்றேன். கையை நீட்டினார், தடவிவிட்டேன்.

"மணக்குதா தம்பி?" என்று என்னிடமே கேட்டார்.