வேதங்கள் போற்றும் மாதரும் நம் பேரேடும்

பெண்களைப் புகழ்வதில் நம்மவர்கள் எவருக்கும் இளைத்தவர்களல்லர். மீலாது மேடையில் ஏறியவர் தாயின் காலடியில் சுவர்க்கம் உண்டென்று சொல்லாமல் இறங்குவதில்லை. நிக்காஹ் சபையில் வாழ்த்துரைப்போர் அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்களையும் அன்னை பாத்திமா நாயகி (ரலி) அவர்களையும் எடுத்துக் காட்டாமல் முடிப்பதில்லை. நல்ல வழக்கந்தான். ஆனால் புகழ்ச்சிக்குச் செலவில்லை. செலவில்லாமல் கிடைக்கும் சரக்கைச் சற்று ஐயத்தோடு பார்ப்பது வியாபாரிகளாகிய நம் பழக்கம். ஆகவே ஒரு கேள்வியை இங்கே எடுத்துக்கொள்வோம். நல்லாள் ஒருத்தியை வாயாரப் புகழ்ந்துவிட்டால், அவளுக்கு நாம் செலுத்த வேண்டியது தீர்ந்துவிடுமா?

இதற்கு விடை காண நம் திருமறையோடு, நமக்கு முன் வேதம் அருளப்பெற்ற யூதர், கிறிஸ்தவர் ஆகியோரின் ஆகமங்களையும் சிறிது பார்ப்போம். "அவர்கள் நூல் நமக்கு எதற்கு?" என்று சிலர் வினவக்கூடும். அவற்றில் மனிதர் கை புகுந்துள்ளது என்பது நம் நம்பிக்கை. ஆயினும் தௌறாத்தும் ஸபூரும் இஞ்சீலும் இறைவனால் இறக்கப்பட்டவை என்று ஈமான் கொள்வதும் நம் கடமையன்றோ! திருக்குர்ஆன் நமக்கு உரைகல். அதில் உரைத்துப் பார்த்து, மாற்றுக் குறையாத பொன்னைப் பொன் என்று சொல்வதில் குற்றமில்லை.

மேலும் அவர்கள் நமக்கு அயலாரும் அல்லர். தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே நாகூர் தர்காவை எழுப்பியவர்கள் நம் முன்னோர். சிராங்கூன் சாலைக் கடைகளிலிருந்து நடந்து போகும் தூரத்தில், வாட்டர்லூ தெருவில், யூதர்கள் 1878-ல் கட்டிய தொழுகைத் தலம் இருக்கிறது. ஓஃபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1888-ல் எழுந்த லூர்து மாதா கோயில் இருக்கிறது. யூதரும் நம்மைப் போலவே கப்பலேறி வந்து கடை வைத்தவர்கள். நாகூருக்குத் தெற்கே வேளாங்கண்ணி இருப்பதையும், அங்கே கிறிஸ்தவர்கள் போற்றும் மர்யம் அம்மையாரின் பெயரில் ஓர் அத்தியாயமே திருக்குர்ஆனில் இருப்பதையும் நம்மில் அறியாதார் யார்?

யூதர்களின் ஆகமத்தில் நீதிமொழிகள் என்றொரு பகுதி உண்டு. அதன் இறுதியில் நல்ல மனைவியைப் பற்றிய ஒரு பாட்டு வருகிறது. எபிரேய மொழிக்கு எழுத்துக்கள் 22. இப்பாட்டும் 22 அடிகள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அடி. லேமுவேல் என்னும் அரசனுக்கு அவன் தாய் புகட்டிய உபதேசம் என்ற தலைப்பின் கீழ் வரும் அதிகாரத்தில் இது அமைந்திருக்கிறது. வெள்ளி இரவில் ஸப்பாத் உணவுக்கு முன் யூதக் குடும்பங்களில் இதை வீட்டுத் தலைவியை நோக்கிப் பாடுவது இன்றும் வழக்கம்.

அப்பெண்மணி என்ன செய்கிறாள்? இருள் பிரியுமுன் எழுந்து வீட்டாருக்கும் வேலையாட்களுக்கும் உணவு வகுக்கிறாள். ஆட்டு மயிரும் சணலும் தேடி நூற்கிறாள். தூரதேசத்துச் சரக்குக் கப்பலைப் போல உணவைத் தொலைவிலிருந்து கொண்டு வருகிறாள். நிலத்தை நோட்டம் பார்த்து வாங்குகிறாள். தன் கை வருவாயால் திராட்சைத் தோட்டம் நடுகிறாள். துணி நெய்து விற்கிறாள். வியாபாரிக்குக் கச்சைகள் ஒப்படைக்கிறாள். தன் சரக்கு தரமானது என்று அவளுக்கே தெரிகிறது. இரவில் அவள் விளக்கு அணைவதில்லை. எளியவருக்கு அவள் கை விரிகிறது. கணவனின் நெஞ்சம் அவளை நம்பி நிற்கிறது. அழகைப் பற்றி அப்பாட்டு சொல்வதெல்லாம் அது ஏமாற்றும் என்பது மட்டுமே.

சகோதரர்களே! இது யாருடைய படம்? நல்ல ஒரு வியாபாரியின் படமன்றோ! கொள்முதல், தரம், நாணயம், ஸதக்கா ஆகிய நான்கும் இதில் அடங்கியுள்ளன. தமிழ் வேதாகமம் இவளைக் ‘குணசாலி' என்கிறது. எபிரேய மூலத்தில் உள்ள சொல் ‘ஹயில்'. போர்வீரனின் ஆற்றலுக்கும் அதே சொல்தான் வழங்கும். குணம் என்றதும் நாம் அடக்கத்தை மட்டுமே நினைக்கிறோம். மூலச் சொல்லிலோ வலிமையும் திறமையும் சேர்ந்திருக்கின்றன. ரூத் என்னும் மோவாபியப் பெண்ணையும் அவர்களது ஆகமம் இதே சொல்லால் குறிக்கிறது. அவள் வேற்றினத்தாள், கைம்பெண், கையில் காசில்லாதவள். மாமியாரைக் கைவிடாமல் உடன் வந்து, அறுவடை வயலில் சிந்திய கதிர் பொறுக்கி அவரைக் காத்தவள். தாவூது நபி (அலை) அவர்களின் பாட்டனாரைப் பெற்றவள் இவளே என்று அந்நூல் கூறுகிறது.

கிறிஸ்தவர்களின் நூலிலும் இத்தகையோர் உண்டு. லீதியாள் என்பவள் விலையுயர்ந்த செந்நீல ஆடை விற்ற வியாபாரி. தபீத்தாள் கைம்பெண்களுக்கு உடை தைத்துக் கொடுத்தவள். அவள் இறந்தபோது அந்த ஏழைகள் அவ்வுடைகளைக் காட்டி அழுதார்களாம். ஏழைக் கைம்பெண் ஒருத்தி காணிக்கைப் பெட்டியில் இரண்டு சிறு காசு போட்டாள். செல்வர் போட்ட யாவற்றையும் விட அது பெரிதென்று ஈஸா நபி (அலை) அவர்கள் சொன்னதாக அந்நூல் உரைக்கிறது.

இனி நம் உரைகல்லுக்கு வருவோம். திருக்குர்ஆனின் 66-வது அத்தியாயம் ஃபிர்அவ்னின் மனைவியையும் மர்யம் (அலை) அவர்களையும் எடுத்துக்காட்டாக நிறுத்துகிறது. யாருக்கு எடுத்துக்காட்டு? ஈமான் கொண்டோர் அனைவருக்கும். ஆண்களாகிய நாமும் அந்த இரு பெண்களிடம் பாடம் கேட்க வேண்டியவர்களே. ஃபிர்அவ்னின் மனைவி ஆசியா அம்மையார் கணவனுக்கு அடங்கியதால் சிறப்படைந்தவரல்லர். அநீதிக்கு அடங்க மறுத்துச் சிறப்படைந்தவர். தௌறாத்தின் வழிவந்த நூலில் சிப்பிராள், பூவாள் என்ற இரு மருத்துவச்சிகள் வருகிறார்கள். ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி மன்னன் இட்ட கட்டளையை அவர்களும் மீறியவர்களே. ஆகவே, வாய் திறவாதிருப்பதே பெண்ணுக்கு அழகு என்ற கொள்கைக்கு இப்பெண்களின் வரலாற்றில் இடம் தேடுவது கடினம்.

28-வது அத்தியாயத்தில் மத்யன் நகரத்து இரு சகோதரிகளைக் காண்கிறோம். அவர்களில் ஒருவர் மூஸா நபி (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி தந்தையிடம் கூறுகிறார். வேலைக்கு ஏற்றவன் வலிமையும் நம்பிக்கையும் உடையவனே என்ற காரணத்தையும் சொல்கிறார். கடைக்கு ஆள் எடுப்போர் இன்றுவரை பார்ப்பது இந்த இரண்டையுந்தானே! அந்த விதியைச் சொன்னது ஒரு பெண்ணின் வாய் என்பதை நாம் மறந்துவிட்டோம். ஸபா நாட்டு அரசியாரோ படையைக் காட்டிய தம் பிரதானிகளுக்கு நிதானத்தைக் கற்பித்தவர். அவர் ஸுலைமான் நபி (அலை) அவர்களிடம் பொன்னும் வாசனைத் திரவியங்களும் ஏற்றி வந்ததாக யூதரின் நூல் கூறுகிறது.

இப்போது முதற்கேள்விக்குத் திரும்புவோம். அந்த எபிரேயப் பாட்டின் கடைசி அடி சிந்திக்கற்பாலது. அவள் கைகளின் பலனிலிருந்து அவளுக்குக் கொடுங்கள் என்கிறது முதற்பாதி. ஊர் வாயிலில் அவளுடைய செயல்கள் அவளைப் புகழட்டும் என்கிறது பிற்பாதி. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் பங்கு, பிறகு புகழ். நாமோ பிற்பாதியை மேடையில் முழங்கிவிட்டு முற்பாதியை மறந்துவிடுகிறோம். திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயமும் ஆண்கள் சம்பாதித்ததில் ஆண்களுக்குப் பங்கு உண்டு, பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்குப் பங்கு உண்டு என்று தெளிவாகக் கூறுகிறது.

நம் வியாபாரக் குடும்பங்களின் வரலாறு நமக்குத் தெரியாததன்று. சபர் வந்த ஆண்கள் ஆண்டுக்கணக்கில் இங்கே கடையில் உறங்க, ஊரிலே பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் குடும்பத்தோடு இங்கு வந்தவர்களில், மசாலை அரைத்து விற்று வீட்டைத் தாங்கிய பெண்கள் உண்டு. இவை யாவற்றுக்கும் மேலாக, எத்தனையோ கடைகளின் முதல் ரூபாயும் முதல் வெள்ளியும் ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து கழன்ற நகைதான். அந்நகை பேரேட்டில் எந்தப் பக்கத்தில் வரவாகியிருக்கிறது? பெரும்பாலும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"கணவன் மனைவிக்குள் கணக்கு எதற்கு?" என்பார் உண்டு. கணக்கின்மையால் விளைவது என்னவென்று பார்ப்போம். மனைவியின் நகை 40 பவுன் கடைக்கு முதலாயிற்று என்று வைத்துக்கொள்வோம். எழுத்தில் ஒன்றுமில்லை. பிள்ளைகளும் மனைவியும் இருக்கக் கணவர் மௌத்தாகிறார். கடை முழுவதும் அவர் சொத்தென்று கொண்டு பாகம் பிரிக்கிறார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று. அவளுடைய சொந்த 40 பவுனில் அவளுக்குத் திரும்புவது 5 பவுன்! மீதி 35 பவுனும் பிறர் பங்கில் கலந்துவிடும். அதே நகையைக் கடன் என்று எழுதியிருந்தால், கடன் தீர்த்த பின்னரே பாகம் பிரிப்பது ஷரீஅத் சட்டமாதலால், 40 பவுனும் முதலில் அவளிடம் சேரும். அதன் பிறகு எட்டில் ஒன்றும் கிடைக்கும். ஒரே நகை, ஒரே சட்டம். வேறுபாடு ஒரு வரி மை மட்டுமே. அந்த வரியை எழுதாதவன் தன் மனைவியை மேடையில் ஆயிரம் முறை புகழ்ந்தாலும் என்ன பயன்?

"அவள் மனமுவந்து கொடுத்தாள்" என்று சொல்லலாம். அப்படியாயின் நன்று. பெண்கள் தாமே மனமொப்பி மஹரிலிருந்து எதையேனும் விட்டுக்கொடுத்தால் அதை உண்ணலாம் என்று திருமறை அனுமதிக்கிறது. ஆனால் அந்த மனமொப்புதலை நாம் கேட்டறிந்தோமா? கேட்காதபோது வாய் திறவாதிருப்பது ஒப்புதலாகுமா? நல்ல பெண் கேட்கமாட்டாள் என்று நாமே அவளுக்குக் கற்பித்து வைத்திருக்கிறோம். பின்னர் அவள் கேட்காததைக் காட்டி அவள் உரிமையை முடித்துவிடுகிறோம். புகழே பூட்டாகிவிடுகிறது. வேறு எந்தக் கூட்டாளியிடமும் இவ்வாறு நடந்தால் அதற்கு நாம் வைக்கும் பெயர் வேறு.

"எழுதினால் அன்பு குறையும்" என்பது இன்னொரு சொல். திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் கடனை எழுதிக்கொள்வது பற்றியதுதான். சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பாதீர்கள் என்று அது கட்டளையிடுகிறது. அது ஈமான் கொண்டோரை விளித்துச் சொல்லப்பட்டது. ஐயம் எழாமலிருக்கவே எழுத்து என்ற காரணத்தையும் கூறுகிறது. அன்பைக் காப்பதற்கும் அதுவே வழி.

நம் மலாய்ச் சகோதரர்கள் கணவனும் மனைவியும் சேர்ந்து தேடிய செல்வத்தை ‘ஹர்த்தா செபெஞ்சாரியான்' என்று தனிப் பெயரிட்டு அழைக்கிறார்கள். தமிழில் நாம் அதற்கொரு சொல்லைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. கடையில் உடனிருந்து உழைத்த மனைவியின் உழைப்புக்குப் பங்கு எவ்வளவு என்பது உலமாக்களிடம் கேட்டுத் தெளிய வேண்டிய மஸ்அலா. நகையைப் பற்றியும் பாக்கி நிற்கும் மஹரைப் பற்றியும் அத்தகைய ஐயம் எதுவுமில்லை. அவை அவளுடையவை.

ஆதலின் ஐந்தொகை எடுக்கும் இக்காலத்தில் ஒவ்வொரு கடைக்காரரும் பேரேட்டில் ஒரு பக்கம் திறந்து, இல்லத்தரசியின் பெயரை மேலே எழுதுவாராக. மஹர் பாக்கி எவ்வளவு, வாங்கிய நகை எத்தனை பவுன், எந்த ஆண்டு என்று பதிந்து, இருவரைச் சாட்சி வைத்து, அதை அவளிடம் படித்துக் காட்டுவாராக. அவள் விட்டுக்கொடுத்தால் அதுவும் எழுத்தில் ஏறட்டும். விடாவிட்டால் கொடுக்கத் தொடங்குவோம். பெருமானார் (ஸல்) அவர்களின் சரக்குப் பயணத்துக்கு முதல் கொடுத்தவர் அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்கள். அந்த முதல் யாருடையது என்பதில் அன்று எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் அந்நாயகியின் பொருளுக்குச் சரியான கணக்குக் கொடுத்தார்கள். அந்த நாணயமே அல்-அமீன் என்ற திருப்பெயருக்குப் பொருள்.

கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் புகழும் நாவை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.