கடவுளுக்குப் பட்டா எழுதிய அரசர்கள்

கி.பி. 736-இல் மெர்சியாவின் அரசன் ஏதல்பால்ட் தன் தோழன் சினபர்ட்டுக்கு ஒரு நிலத்தை எழுதிக் கொடுத்தான். இன்றைய இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில், ஸ்டூர் ஆற்றங்கரையில் உள்ள இஸ்மியர் என்ற வட்டாரத்தில், பத்து ஹைட் நிலம். ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமானது ஒரு ஹைட். அந்த இடத்தில் மடாலயம் கட்ட வேண்டும், அதனால் அரசனின் ஆன்மா கடைத்தேற வேண்டும் என்பது ஏற்பாடு. மூல ஏடு இன்றும் பிழைத்திருக்கிறது. அதே ஏட்டில் இன்னொரு வாசகமும் உண்டு: சினபர்ட் உயிரோடு இருக்கும்போதோ, தன் காலத்துக்குப் பிறகோ, அந்த நிலத்தை விரும்பியவருக்குக் கொடுக்கலாம்.

அப்படியானால் நிலம் யாருக்குப் போனது? கடவுளுக்கா, சினபர்ட்டுக்கா?

உலகம் முழுவதும் கடவுளுடையது என்று ஓதுகிற சமயம், அவருக்கே பத்து ஹைட்டை எப்படித் தானம் செய்யும் என்ற கேள்வி அந்த அரசர்களைத் தொந்தரவு செய்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு வேறு ஒரு கவலை இருந்தது. ஆங்கிலோ-சாக்சன் வழக்கத்தில் அரசன் வீரனுக்குத் தரும் நிலம் பொதுவாக அவன் ஆயுள் வரைக்கும்தான். குடும்பச் சொத்து என்றாலோ அதில் உறவினர் அத்தனை பேருக்கும் வாய் உண்டு. கடவுளுக்குக் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. அவர் இறப்பதில்லை, அவருக்கு வாரிசுத் தகராறும் இல்லை. திருச்சபையோடு வந்த சாசனம் நிலத்துக்கு நிரந்தரம் என்ற புதுக் குணத்தைக் கொடுத்தது. சாசனத்தை மீறுகிறவன் நியாயத்தீர்ப்பு நாளில் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற எச்சரிக்கையும் கூடவே எழுதப்பட்டது. நரகத்தைக் காவலுக்கு வைத்த சொத்து! அதன்மேல் பிரபுக்களுக்கு ஆசை வந்ததில் வியப்பென்ன?

இந்த ஆசையை அம்பலப்படுத்தியவர் ஒரு துறவி. ஜாரோ மடாலயத்தின் பீட், 734-இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், யார்க் நகர பிஷப் எக்பர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசன் ஆல்ட்ஃப்ரித் 705-இல் இறந்ததிலிருந்து நார்த்தம்பிரியாவில் இந்த நோய் பரவியிருக்கிறது என்றார். மடம் கட்டுகிறோம் என்று சொல்லிப் பிரபுக்கள் நிலத்தைப் பரம்பரை உரிமையாக எழுதி வாங்குகிறார்கள். பிஷப்புகளும் சாட்சிக் குறி இடுகிறார்கள். உள்ளே போனால் தவமும் இல்லை, ஜெபமும் இல்லை, மனைவி மக்களோடு வாழ்கிறார்கள். இன்னொரு பக்கம், நாட்டைக் காத்த வீரர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் கொடுக்க நிலம் மிஞ்சவில்லை. இளைஞர்கள் கடல் கடந்து போகிறார்கள். பீட் சொன்ன மருந்து கடுமையானது. திருச்சபை மன்றங்கள் கூடி அந்தப் போலிச் சாசனங்களை ரத்து செய்ய வேண்டும்.

கடவுள் பெயரால் எழுதிய சாசனத்தை ரத்து செய்யச் சொல்கிறவர், அந்தத் தேசத்தின் மிகப் பெரிய கிறிஸ்தவ அறிஞர். புனிதம் தோலேட்டில் இல்லை, அந்த நிலத்தில் நடக்கும் வாழ்க்கையில்தான் இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். சரியான வாதம்தான். ஆனால் ரத்து செய்யும் அதிகாரம் யார் கைக்குப் போகும் என்பதில் அவர் சற்று நல்லெண்ணத்தோடு இருந்துவிட்டார்.

இஸ்மியர் நிலத்தையே எடுத்துக்கொள்ளலாம். அது சினபர்ட்டின் மகன் சியோல்ஃப்ரித்துக்கு வந்தது. அவன் மடாதிபதியாகவும் இருந்தான், வாரிசாகவும் இருந்தான். பிறகு அது வூஸ்டர் தேவாலயத்துக்குப் போனது. 781-இல், பிரென்ட்ஃபோர்டில் கூடிய மன்றத்தில், மெர்சியாவின் அரசன் ஆஃபா எழுந்தான். ஏதல்பால்ட் தன் உறவினன், அவன் சொத்தை வூஸ்டர் தேவாலயம் முறையின்றி வைத்திருக்கிறது என்று வழக்காடினான். அவன் கோரிய நிலங்களில் இஸ்மியரும் இருந்தது. முடிவில் பிஷப், பாத் மடாலயத்தையும் அதன் 90 ஹைட் நிலத்தையும், அருகில் மேலும் 30 ஹைட்டையும் ஆஃபாவிடம் விட்டுக்கொடுத்து, மற்றவற்றைக் காப்பாற்றிக்கொண்டார். கடவுளுக்குக் கொடுத்தாலும் அரசனுக்கு உறவுமுறை மறக்கவில்லை.

கொடுத்த கை எப்படிப்பட்டது என்பது அடுத்த சிக்கல். வெசெக்ஸின் அரசன் காட்வல்லா இன்னும் ஞானஸ்நானம் பெறாதவன். வைட் தீவைப் பிடித்தால் கால் பங்கைக் கடவுளுக்குத் தருவதாக நேர்ந்துகொண்டு, 686 வாக்கில் தீவு மக்களை அழித்தொழிக்கப் புறப்பட்டான். 1,200 ஹைட்டில் 300 ஹைட் பிஷப் வில்ஃப்ரிட்டுக்கு வந்தது. தீவின் இரண்டு இளவரசர்களுக்கு ஒரு மடாதிபதி அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர்களைக் கொன்றார்கள். இதைப் பதிவு செய்தவரும் பீட்தான். போலி மடங்கள்மேல் அவருக்கு வந்த கோபத்தில் கொஞ்சமும் இங்கே இல்லை. தீவு மக்களை அழித்துப் பெற்ற நிலத்தில் கால் பங்கு தானமா, கொள்ளையில் பங்கா?

ஜெர்மனியில் ஊழியம் செய்த போனிஃபஸ் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நெருங்கி வந்தார். 746 வாக்கில் மற்ற பிஷப்புகளோடு சேர்ந்து ஏதல்பால்டுக்குக் கடிதம் எழுதியபோது, முதலில் அவன் தானதர்மங்களைப் பாராட்டினார். பிறகு கன்னியாஸ்திரீகளோடு அவன் வைத்திருந்த உறவையும், மடங்களின் உரிமைகளைப் பறித்ததையும் நேருக்கு நேர் எடுத்துச் சொன்னார். தானம் பாவத்தை ஈடு செய்யாது என்பது அதன் தொனி. 749-இல் கம்லியில் அரசன் தேவாலயங்களுக்கு வரிவிலக்கு அளித்தான். பாலப் பணியும் கோட்டைப் பாதுகாப்பும் மட்டும் விலக்கில் சேரவில்லை. 757-இல் செக்கிங்டனில் அவன் மெய்க்காவலர்களே அவனைக் கொன்றார்கள்.

வேல்ஸில் கணக்கு இன்னும் வெளிப்படையானது. லண்டாஃப் தேவாலயத்தின் 12-ஆம் நூற்றாண்டுத் தொகுப்பில், திருப்பண்டங்களின் மீது சமாதானச் சத்தியம் செய்த அரசன் மெய்ரிக், சத்தியத்தை மீறிக் கொலை செய்கிறான். பிஷப் ஔடோசியஸ் அவனைச் சபையிலிருந்து விலக்குகிறார். அரசன் கிராமங்களைக் கொடுத்துத் திரும்புகிறான். பக்கத்து மறைமாவட்டங்களோடு எல்லைத் தகராறு நடந்த காலத்தில் தொகுத்த நூல் என்பதால் இதில் கைச்சரக்கு உண்டு. பழைய சாசனங்களின் எலும்பு உள்ளே இருக்கிறது என்று ஆய்வாளர் வெண்டி டேவிஸ் வாதிட்டார். எப்படியானாலும், கொலைக்கு நிலத்தால் ஈடு கட்டலாம் என்பதை வெட்கமின்றிச் சொல்லும் ஏடுகள் இவை.

அரசர்களே இல்லாத ஒரு குறிப்பும் வேல்ஸில் இருந்து கிடைக்கிறது. இன்று லிச்ஃபீல்டில் உள்ள சுவிசேஷச் சுவடி ஒருகாலத்தில் லாண்டைலோவில் இருந்தது. அதன் ஓரத்தில் வெல்ஷும் லத்தீனும் கலந்து ஒரு நிலத்தகராறை எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய வெல்ஷ் உரைநடைகளில் ஒன்று. எல்கு என்பவன் கையில் இருந்த ஒரு நிலத்துக்கு டிட்வுல்க் என்பவன் உரிமை கோருகிறான். நெடுநாள் வழக்குக்குப் பின் நிலம் எல்கு பக்கமே நிற்கிறது. ஆனால் வென்ற எல்குதான் ஒரு குதிரையையும், மூன்று பசுக்களையும், புதிதாகக் கன்று ஈன்ற மூன்று பசுக்களையும் கொடுக்கிறான். நியாயத்தீர்ப்பு நாள் வரை இருவருக்கும் இடையே பகை இருக்கக் கூடாது என்பதற்காக. ஆன்ம லாபம் பற்றி அதில் பேச்சே இல்லை. சாட்சிகளில் முதல் பெயர், நூற்றாண்டுகளுக்கு முன்பே இறந்துபோன புனித டைலோ. அவருக்குப் பின்னால் அவர் மடத்தார், அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள்.