ஸ்பினோசாவின் நூலும் சைவ மாணாக்கரும்

ஒல்லாந்து தேயத்து ஸ்பினோசா இலத்தீனில் இயற்றிய 'எதிக்ஸ்' என்னும் நூல், அவர் உயிர்நீத்த 1677-ஆம் ஆண்டிலேயே வெளிப்போந்தது. கேத்திரகணித முறையில் ஐந்து பாகமாகச் செல்லும் அந்நூல் பயில்வாரை வாயிலிலேயே மருட்டுவது. ஈண்டு இராயபுரத்தில், பனியன் சாலை வேலை முடித்து மாலையிற் சித்தாந்தம் பாடங் கேட்கும் இளைஞர் சிலர் அதனையும் அறிய விழைந்தனர். சைவர்க்கு இஃது எற்றுக்கெனின், அருணந்தி சிவாசாரியர் சித்தியாரிற் பரபக்கத்தையன்றோ முன்வைத்தார்? பிறர் கொள்கையை அவர்தம் வலிவோடு எடுத்துரைத்த பின்னரே மறுத்தல் நம் மரபு.

ஆசிரியர் வரலாறு சிறிதே போதும். 1656-இல் ஆம்ஸ்டர்டாம் யூத சபையாரால் விலக்கப்பட்டவர். 1673-இல் ஹைடல்பர்க் சர்வகலாசாலை அளிக்கவந்த பதவியை மறுத்தவர். கண்ணாடிச் சில்லு தேய்த்துப் பிழைத்தவர். இவ்விறுதிச் செய்தி கேட்டதும் தையற்பொறி முன் அமர்வோர் நூலை நெருங்கிவிடுகின்றனர்.

முதல் இலக்கணம் 'தனக்குத் தானே காரணம்' என்பது. உடனே, தன்னைப்பற்றுதல் என்னுங் குற்றமாமே என்பர் நம் மாணாக்கர். அற்றன்று, தன்னைத் தான் பிறப்பித்தல் அதன் கருத்தன்று. இல்லாததாக எண்ணவே ஒண்ணாத இயல்பினது என்பதே கருத்து. நம் பதியிலக்கணத்திற்கு இது புறம்பன்று.

ஆயினும் இலக்கணங்களினின்று தொடங்காது, முதற்பாகத்தின் பிற்சேர்க்கையினின்று தொடங்குதலே நலம் என்பேன். வாதம் ஆண்டுத்தான் உயிர்பெறுகின்றது. இறைவன் ஒரு பயன் கருதித் தொழில் செய்வனாயின், அப்பயன் அவனுக்கு இல்லாத குறையாமென்கிறார் ஸ்பினோசா. பிறர்பொருட்டெனின், படைப்பிற்கு முன் பிறர் யாருளர் என மடக்குகிறார். இல்லதினின்று உலகைப் படைத்தானென்பார்க்கு இக்கேள்வி கூர்வேலே. நமக்கோ உயிர்கள் அநாதி. ஆதலின் ஐந்தொழில் உயிர்கள்பொருட்டென்றல் இறைவற்குக் குறையாகாது. வேல் நம் மார்பிற் படாது.

இவ்வளவில் மாணாக்கர் வென்றோமென மகிழ்வர். மகிழவிடலாகாது. கடவுளொழிய வேறு பொருளில்லை என்பது 14-ஆம் மேற்கோள். அதற்குத் தூணாவது, ஒரே இயல்புடைய பொருள் இரண்டு இருத்தல் கூடாதென்னும் 5-ஆம் மேற்கோள். உயிர்கள் பல, அவை யாவும் சித்து என்னும் நாம் விடையிறுக்க வேண்டிய இடம் அதுவே. ஒத்த இயல்பினவாய உயிர்கள் எதனால் தம்முள் வேறாகின்றன? மலத்தின் ஏற்றத்தாழ்வாலெனின், அவ்வேறுபாடு வந்தேறியதோ உயிர்க்கே உரியதோ என அவர் மீண்டும் வினவுவர். இவ்வினாவோடு சித்தியார் சுபக்கத்தைத் திரும்பப் படிக்குமாறு விடுத்திருக்கின்றேன்.