ஆளுக்கு அளவா? அளவுக்கு ஆளா?

பள்ளி திறப்பதற்கு முந்திய வாரத்தில் மலேசியாவின் சிறு நகரங்களில்கூடத் துணிக்கடைகளில் கூட்டம் நெரியும். ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லவிருக்கும் சிறுவர்களுக்கு அது புதியதொரு வாழ்வின் வாசல். நீல நிறக் காற்சட்டையைக் களைந்து, பச்சை நிற நீளக் காற்சட்டையை அணியப்போகும் பருவம் அது.

அத்தகைய கடையொன்றுக்கு உடல் பருத்த சிறுவன் ஒருவனைத் தாய் அழைத்து வருகிறாள் என்று கொள்வோம். அடுக்கில் உள்ள பச்சைக் காற்சட்டைகள் 36 அங்குல இடுப்போடு நின்றுவிடுகின்றன. அவனுக்கு வேண்டியதோ 40. தேடியெடுத்த ஒரே ஒரு காற்சட்டை இடுப்பில் பொருந்துகிறது. ஆனால் அது வளர்ந்த ஆடவருக்கென வெட்டப்பட்டது. கால்பகுதி தரையில் ஒரு சாண் புரள்கிறது. கடைப்பணியாளர் அதை மடித்து வைத்துக்கொண்டே, “இதற்குமேல் அளவு வருவதில்லை, அக்கா. தம்பிதான் கொஞ்சம் இளைக்க வேண்டும்” என்கிறார். அவர் சொல்லில் கேலி இல்லை. ஒருவகைப் பரிவுகூட இருக்கிறது. ஆயினும் சிறுவனின் தலை தாழ்ந்துவிடுகிறது.

இந்தச் சிறு உரையாடலில் ஒரு வேற்றுமை உருபு இடம் மாறியிருப்பதைத் தமிழாசிரியர்கள் உடனே உணர்வர். காற்சட்டை சிறுவனுக்குப் பொருந்தவில்லை என்பதே நடந்தது. சிறுவன் காற்சட்டைக்குப் பொருந்தவில்லை என்பதே சொல்லப்பட்டது. நான்காம் வேற்றுமைக்கு நன்னூலார் கூறும் பொருள்களுள் தகவும் உண்டு, பொருட்டும் உண்டு. எது எதற்குத் தக வேண்டும், எது எதன்பொருட்டு உண்டாயிற்று என்னும் கேள்விக்கு விடை, ‘கு’ என்னும் அந்த ஓரெழுத்து எந்தச் சொல்லோடு ஒட்டி நிற்கிறது என்பதில் இருக்கிறது. வகுப்பில் பிழையாக எழுதினால் சிவப்பு மையால் திருத்தப்படும் இந்த இடமாற்றம், கடைத்தெருவில் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

வணிகர்மீது பழி சுமத்துவது எளிது. ஆனால் அவர் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். இடுப்பளவு 28 முதல் 44 வரை இரட்டைப்படை அங்குலங்களை மட்டும் கொண்டால் ஒன்பது அளவுகள். கால் நீளம் 28 முதல் 36 வரை அவ்வாறே கொண்டால் ஐந்து. இரண்டையும் பெருக்க 45. மூன்று நிறங்கள் வைத்தால் 135. நிறத்துக்கும் அளவுக்கும் இரண்டிரண்டு என்றால் 270 காற்சட்டைகள். இது ஒரே வகைத் துணிக்கு, ஒரே வகை வெட்டுக்கு மட்டும்! இவற்றுள் நடுவில் உள்ள சில அளவுகள் கை மாறிக்கொண்டே இருக்கும். ஓரத்தில் உள்ளவை ஆண்டுக்கணக்கில் அடுக்கிலேயே தூங்கும். தூங்குவது துணியன்று, முதல். சிறு கடைக்காரர் அதைத் தாங்கமாட்டார். அன்றியும், ஆயத்த ஆடை மலிந்த பின்னரே எளிய குடும்பத்தினரும் மாற்றுடை பலவற்றை வைத்துக்கொள்ள முடிந்தது என்பதையும் மறந்துவிடலாகாது.

பொதுவான அளவு என்னும் கருத்து எங்கிருந்து வந்தது? தையற்காரர் நாடாவை எடுத்து உடலை அளந்து வெட்டிய காலத்தில் அந்தக் கருத்துக்கு வேலையே இல்லை. ஒவ்வோர் உடலும் தனக்குத் தானே அளவு. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெருந்தொகையான வீரர்களுக்கு ஒரே காலத்தில் சீருடை தேவைப்பட்டபோது, அளவுகளை முன்னதாக வகுத்துத் தைத்துக் குவிக்கும் முறை வேரூன்றியது. ஆகவே வகுத்த அளவு என்பது சீருடையோடு உடன்பிறந்தது என்றே சொல்லலாம்.

அதற்குச் சற்று முன்பே, 1835ஆம் ஆண்டில், பெல்ஜிய நாட்டு அறிஞர் அடால்ப் கெட்லே ‘சராசரி மனிதன்’ என்னும் கருத்தை நூலாக வெளியிட்டிருந்தார். அவர் வானியல் வல்லுநர். ஒரு விண்மீனின் இடத்தைப் பலர் பல முறை அளந்தால் அளவுகள் சிறிது சிறிது வேறுபடும். அவற்றின் சராசரியே உண்மைக்கு அண்மையானது. மற்றவை கணிப்பில் நேர்ந்த பிழைகள். இந்த முறையையே அவர் மனிதரிடமும் கையாண்டார். ஸ்காட்லாந்துப் படைவீரர்களின் மார்பளவுகளைத் திரட்டி ஆராய்ந்தார். சராசரியை மனித இனத்தின் மாதிரியாகவும், அதிலிருந்து விலகியவற்றைப் பிழைபோலவும் கொண்டார். வழுக்கல் இங்கேதான். விண்மீன் ஒன்று, அதன் இடமும் ஒன்று. ஆதலால் அங்கே பிழை என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டு. மனிதர் பலர். குட்டையான ஒருவர், நெட்டையான வேறொருவரைத் தவறாக அளந்ததால் பிறந்தவர் அல்லர்.

சராசரி மனிதனைக் கண்ணால் கண்டவர் உண்டா? 1950ஆம் ஆண்டில் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்தது. விமானியின் இருக்கையைச் சராசரி உடலுக்கேற்ப அமைப்பது அதுவரை வழக்கமாக இருந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்னும் இளம் ஆய்வாளர், உயரம், மார்பு, கை நீளம் முதலிய பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அளவிலும் நடுவில் உள்ள 30 விழுக்காட்டினரைத் தாராளமாகச் ‘சராசரி’ என்றே வைத்துக்கொண்டார். பத்திலும் சராசரியாக இருந்த விமானி ஒருவர்கூட இல்லை! மூன்றே அளவுகளை எடுத்துக்கொண்டாலும் தேறியவர்கள் நூற்றுக்கு நால்வரை எட்டவில்லை. எல்லாருக்கும் என்று அமைத்த இருக்கை, உண்மையில் யாருக்கும் அமைக்கப்படாததாயிற்று.

காற்சட்டைக் கடையிலும் இதுவே கதை. 29 அங்குல இடுப்பும் 35 அங்குலக் காலும் உடைய இளைஞன், இடுப்புக்கேற்றதை எடுத்தால் கணுக்கால் தெரிகிறது. காலுக்கேற்றதை எடுத்தால் இடுப்பில் நிற்பதில்லை. இடுப்பைப் பிடித்துத் தைக்கலாம் என்பர். இரண்டு அங்குலத்துக்குமேல் பிடித்தால் பின்பைகள் இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். குட்டையானவர் அடியை வெட்டி மடித்துக்கொள்ளலாம். ஆனால் முழங்காலுக்கென வளைத்த இடம் கெண்டைக்காலுக்கு இறங்கிவிடும். (அளவைகள் மெட்ரிக் முறைக்கு மாறிப் பல்லாண்டுகள் ஆனபின்னும் இடுப்பு மட்டும் அங்குலத்தை விடாமல் பற்றிக்கொண்டிருப்பது தனி வேடிக்கை.)

இனி, அறத்தின் கேள்விக்கு வருவோம். யாரும் தீங்கு நினையாத இடத்தில் அநீதி உண்டாகுமா? வேண்டிய அளவு கிடைக்காமை ஓர் இடர்ப்பாடு. மழைக்காலத்தில் குடையின்றி அகப்பட்டுக்கொண்டது போன்றது. அதற்கு யாரையும் குற்றவாளியாக்க முடியாது. விருந்துக்கு அணியக் காற்சட்டை தேடி அலைபவர் நிலை அவ்வளவே. ஆனால் பள்ளிச் சிறுவனின் நிலை வேறு. அவன் அந்த ஆடையைத் தேர்ந்துகொள்ளவில்லை. இதைத்தான் அணிய வேண்டும் என்று அவனுக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. கட்டாயம் என்பது புகுந்த கணத்தில் கடன் ஒன்றும் கூடவே புகுந்துவிடுகிறது. விதித்தவர், அவ்விதியை ஒவ்வொருவரும் நிறைவேற்றக்கூடியதாகவும் செய்து தரக் கடமைப்பட்டவர். இந்தக் கடனைச் செலுத்தாமல், பொருத்தமின்மையைப் பிள்ளையின் உடல்மீது சுமத்தும்போது இடர்ப்பாடு அநீதியாகிவிடுகிறது. உடல் இளைப்பது நலத்திற்கு நல்லதாக இருக்கலாம். அது மருத்துவர் கூற்று. துணிக்கடையின் கூற்றன்று, வகுப்பறை வாயிலில் நின்று சீருடை பார்க்கும் ஆசிரியரின் கூற்றும் அன்று.

ஒவ்வொருவருக்கும் தனித்தனி விதி செய்ய இயலுமா என்று கேட்கலாம். தேவையில்லை. அமெரிக்க விமானப்படை ஆளுக்கொரு விமானம் கட்டவில்லை. நகர்த்தக்கூடிய இருக்கை, ஏற்றி இறக்கக்கூடிய மிதிகட்டை, இழுத்து முடியக்கூடிய வார் ஆகியவற்றை வைக்கச் சொன்னது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், லெஸ்போஸ் தீவின் கட்டடக்காரர்கள் ஈயத்தாலான அளவுகோலைக் கொண்டு கல்லின் வடிவுக்கேற்ப வளைத்து அளந்ததைச் சுட்டி, நேர்மையான தீர்ப்புக்கு அதையே உவமையாக்கினார். வள்ளுவரும் சான்றோரின் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை காட்டினார். துலாக்கோல் எல்லாப் பொருளும் ஒரே எடை இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. தன்மேல் வைத்ததை உள்ளபடி காட்டுகிறது. நடுவுநிலைமை வேறு, நடு அளவு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால், ‘நடுத்தர மாணவனுக்கு’ என்று பாடம் நடத்திவிட்டு, அவன் எந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறான் என்று காட்ட முடியாமல் ஆசிரியர் திகைப்பதும் நேர்கிறது.

நம் முன்னோரின் வேட்டியையும் மலாய் மக்களின் சாரோங்கையும் ஈண்டு நினைத்துக்கொள்வது தகும். நெசவில் அவற்றுக்கு அளவு உண்டு. இடுப்பில் அந்த அளவை முடிவு செய்வது உடுத்துபவரின் கை. பருத்தவரும் மெலிந்தவரும் ஒரே துணியை வெட்கமின்றி உடுத்தலாம். காற்சட்டையைத் துறந்து வேட்டிக்குத் திரும்புங்கள் என்பது இதன் கருத்தன்று. இடுப்புப் பட்டையில் சிறிது மீள்நாடா, ஓரத்தில் ஓர் அங்குலத் தையல் மிச்சம், துணியின் நிறத்தை விதித்து வெட்டைத் தையற்காரரிடம் விட்டுவிடும் ஒரு சொல் ஆகியவை போதும். மடிப்பை உள்ளே வைத்துத் தைத்த ஆடை பிள்ளையோடு வளர்வதை ஏழைத் தாய்மார்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள்.

அந்தத் தாய் கடையை விட்டு இறங்கி, பச்சைத் துணி இரண்டு மீட்டர் வாங்கிக்கொண்டு, சந்தைக்கருகே தையல் இயந்திரம் வைத்திருக்கும் முதியவரிடம் மகனை அழைத்துச் செல்கிறாள். நாடா இடுப்பைச் சுற்றியதும் சிறுவன் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறான். முதியவர் நாடாவைத் தளர்த்திப் பிடித்தபடியே காத்திருக்கிறார். “மூச்சை விடு, தம்பி” என்கிறார். அவன் விட்ட பிறகே காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எண்ணைக் குறித்துக்கொள்கிறார்.