கழித்துக்கொள்ளப்பட்ட நாள்

பகல் முழுவதும் ஒரு டிக்கெட்டில் சுற்றிவிட்டு, இரவு வெளியேறும் முன் அதே டிக்கெட்டைக் கவுண்டரில் நீட்டலாம். அதற்குக் கொடுத்த பணத்தைக் கழித்துக்கொண்டு, மீதியை மட்டும் வாங்கிக்கொண்டு, ஒரு வருஷத்துக்கான அனுமதிச்சீட்டைக் கொடுப்பார்கள். காலிஃபோர்னியாவில் அனஹைம் நகரிலுள்ள டிஸ்னிலாண்டில் இது பழகிப்போன வழக்கம். டிக்கெட் காலாவதியாவதற்குள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். தவறவிட்டால் அது வெறும் அட்டை.

சாதாரண வியாபாரச் சலுகை. ஆனால் பாத்திரக்கடைக்காரர் பழைய குடத்தை எடுத்துக்கொண்டு புதுசு கொடுக்கும்போது பழைய குடம் அவர் கைக்குப் போகிறது. இங்கே திருப்பிக் கொடுக்க நம்மிடம் ஒன்றும் இல்லை. பகல் செலவழிந்துவிட்டது, கால் வலிக்கிறது. அனுபவித்து முடித்த ஒன்றுக்குக் கொடுத்த விலையை, இனி அனுபவிக்கப்போகும் ஒன்றின் முன்பணமாக மாற்றி எழுதுகிறார்கள். மெஸ்ஸில் வயிறாரச் சாப்பிட்டு எழுந்தபின், மாதக் கணக்கு வைத்துக்கொண்டால் இன்றைக்குக் கொடுத்ததை அதில் கழித்துவிடுகிறேன் என்று முதலாளி சொன்னால், சற்றுமுன் சாப்பிட்டது சாப்பாடா, முன்பணமா?

2019 நவம்பரில் நான் அந்தக் கவுண்டர் முன் நின்றேன். உடன் மகள், மருமகன், ஏழு வயதுப் பேத்தி. அவர்கள் வீடு அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரம். நான் ஆறு வாரத்துக்குப் போயிருந்தவன். யோசனை மருமகனுடையது. "இன்னிக்கே மாத்திட்டா இன்னிக்குக் கொடுத்ததைக் கழிச்சுக்குவாங்க, மாமா. அப்புறம் கொஞ்சம் தடவை வந்தாலே போட்டது வந்துடும்." மூன்று டிக்கெட்டுகள் மாறின. நாலாவதற்கும் கவுண்டரிலிருந்த பெண் சிரித்தபடி கையை நீட்டினாள். "அப்பாவுக்கு வேண்டாம்" என்றாள் மகள். சரியான பதில்தான். மூன்று வாரத்தில் ஊர் திரும்புகிறவனுக்கு, அதுவும் எழுபதைத் தாண்டியவனுக்கு, வருஷச் சீட்டு எதற்கு? ஆனாலும் அந்த 'வேண்டாம்' கொஞ்ச நேரம் காதிலேயே இருந்தது.

காரில் வரும்போது, நாங்கள் நாலு பேரும் ஒரே நாளைக் கழித்தவர்கள் இல்லை என்று தோன்றியது. காலையில் ஒரே வரிசையில் நின்றுதான் உள்ளே போனோம். இரவு எட்டரை மணிக்கு அவர்களுடைய நாள் ஒரு தொடரின் முதல் உறுப்பாகிவிட்டது. என்னுடையது முடிந்துபோன நாள். நடந்ததை நடக்காததாக ஆக்க யாராலும் முடியாது. நடந்தது என்ன என்பதை மட்டும் பிற்பாடு மாற்ற முடியும் போலிருக்கிறது, அதுவும் ஒரு ரசீதினால்.

டிஸ்னிலாண்ட் பற்றி நம் வட்டத்தில் பேச்சு வந்தால் உடனே போத்ரியார் பெயர் வரும். 1981இல் அவர் எழுதியது, வெளியே உள்ள அமெரிக்கா நிஜமானது என்று நம்பவைப்பதற்காகவே இந்தக் கற்பனை உலகம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்பது. அதற்கு முன்பே உம்பர்ட்டோ எகோ அங்கே போய்வந்து, பிரதான வீதியின் பொம்மைவீட்டு முகப்புகளுக்குப் பின்னால் இருப்பது அசல் வியாபாரம் என்று கவனித்துச் சொல்லியிருந்தார். போத்ரியார் கார் நிறுத்துமிடத்தின் தனிமையைப் பற்றிக்கூட எழுதினார். எல்லாம் சரி. இவர்கள் பார்த்தது இடத்தை. அந்தக் கவுண்டரில் கைமாறுவது காலம். இடத்தின் போலித்தன்மை எனக்கு அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை. திருவிழாவின் சொர்க்கவாசலும் தட்டியும் காகிதமும்தான். போலி என்று தெரிந்தேதான் எல்லோரும் போகிறோம்.

அங்கே காலம் விற்கப்பட்ட விதத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1955 ஜூலையில் திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர். உள்ளே ஒவ்வொரு சவாரிக்கும் தனிக் காசு. அந்த வருஷமே டிக்கெட்டுகளைப் புத்தகமாகக் கட்டி விற்க ஆரம்பித்தார்கள். ஏ என்றால் பிரதான வீதிக் குதிரைவண்டி மாதிரிச் சின்ன விஷயங்கள்; எழுத்து ஏற ஏறச் சவாரியும் பெரிதாகும். 1959இல் ஈ வந்தது, மாட்டர்ஹார்ன் மலைச் சறுக்கலுக்கும் நீர்மூழ்கிக்கும் மோனோரயிலுக்கும். ஒரு புத்தகத்தில் ஈ சீட்டுகள் எண்ணிச் சிலதான் இருக்கும். எதில் ஏறுவது, எதை விடுவது என்று குழந்தை முடிவு செய்தாக வேண்டும். தீராத ஏ சீட்டுகள் வீட்டு மேஜை இழுப்பறைகளில் வருஷக்கணக்கில் கிடந்தன. 1982இல் புத்தகங்கள் போய், ஒரே விலைக்கு நாள் முழுவதும் எதில் வேண்டுமானாலும் ஏறலாம் என்று ஆயிற்று. அடுத்த வருஷம் விண்வெளிக்குப் போன சாலி ரைட், அந்தப் பயணத்தை ஈ டிக்கெட் சவாரி என்று வர்ணித்தார். சீட்டு செத்தபின் சொல் உயிரோடிருந்தது. வருஷச் சீட்டும் அந்த எண்பதுகளில்தான் புழக்கத்துக்கு வந்தது. முதலில் சவாரிக்குச் சவாரி தேர்ந்தெடுக்கும் சங்கடத்தை எடுத்தார்கள். பிறகு நாள் முடிகிறதே என்ற சங்கடத்தை எடுத்தார்கள்.

அரிஸ்டாட்டில் தன் நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் பத்தாம் புத்தகத்தில் இன்பத்தைப் பார்வையோடு ஒப்பிடுகிறார். பார்ப்பது எந்தக் கணத்திலும் முழுமையானது. பின்னால் ஏதோ வந்து சேர்ந்துதான் அது பார்வையாக வேண்டும் என்பதில்லை. கோயில் கட்டுவது அப்படி இல்லை. கல் அடுக்குவதும் தூணில் வரி செதுக்குவதும் கோயில் முடிகிறவரை குறையாகவே நிற்கும். இன்பம் முதல் வகை. இதை வைத்துப் பார்த்தால் அந்தக் கவுண்டர் செய்தது ஒரு தத்துவ மோசடி என்று அப்போது எனக்குப் பட்டது. முழுமையாக இருந்த ஒரு பகலை, அடுத்த நவம்பரில் முடியப்போகும் ஒரு கட்டடத்தின் முதல் கல்லாக்கிவிட்டார்கள். 'போட்டது வந்துடும்' என்ற பேச்சே அதற்குச் சாட்சி. இனி அவர்கள் போகும் ஒவ்வொரு தடவையும் போட்டதை எடுப்பதற்கான தடவை.

ஊர் திரும்பி இந்த இடம்வரை எழுதி வைத்திருந்தேன். அச்சுக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காதது நல்லதாயிற்று. ஏனென்றால் அதில் ஒரு விஷயத்தை எழுதவில்லை.

முழுமையான நாள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்ட அந்தப் பகலில் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆளுக்கு நூறு டாலருக்கு மேல், அன்றைய மதிப்பில் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் என்று காலையிலேயே மனசு போட்டுவிட்டது. எத்தனை சவாரி ஆயிற்று, ஒன்றுக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்துக்கொண்டே நடந்தேன். நடுப்பகலில் அங்குள்ள செயற்கை ஆற்றின் ஓரத்தில் பேத்தி உட்கார்ந்துவிட்டாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்றாள். "உக்காந்திருக்கவா இவ்வளவு பணம் குடுத்து வந்தோம்?" என்று கையைப் பிடித்து எழுப்பியவன் நான்தான். அரிஸ்டாட்டிலைப் பிற்பாடுதான் எடுத்துப் படித்தேன்.

ஆகவே ஒருநாள் டிக்கெட்டுக்காரன் சுதந்திரமானவன் என்ற வாதம் என் கையிலேயே உடைகிறது. அவனுக்குப் பகலில் இருப்பது பத்துப் பதினைந்து மணி நேரமும் ஒரு பெரிய விலையும். ஒவ்வொரு மணியும் விலையை நோக்கி ஓடுகிறது. வருஷச் சீட்டுக்காரர்களில் ஒரு வகை உண்டு. மகள் சொல்லித்தான் தெரியும். வேலை முடிந்து வந்து, ஒன்றிலும் ஏறாமல், ஒரு காபி குடித்துவிட்டு, வாத்தியம் வாசிப்பவர்களைக் கொஞ்சம் கேட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள். தெருக்கோடியில் கோயில் உள்ளவர்கள் கோயிலுக்குப் போகிற மாதிரி. திருப்பதிக்கு வருஷத்துக்கு ஒருமுறை போகிறவனின் பரபரப்பு அவர்களிடம் இல்லை. வரிசை நீளமாக இருந்தால் திரும்பி நடந்துவிடுவார்கள். தவறவிடுவதற்கு உரிமை உள்ளவர்கள் என்று அவர்களைச் சொல்லத் தோன்றுகிறது. அந்த உரிமையைத்தான் பணம் கொடுத்து வாங்குகிறார்கள் போலும்.

இதையும் மிகைப்படுத்தக்கூடாது. ஹால் ஆர்க்ஸ், காத்தரின் ப்ளூமர் என்ற இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீஸன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு, அவர்கள் கேட்காமலே, விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். சீஸனின் முதல் பாதியில் முழுவிலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். பின்பாதியில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. நாடகம் எல்லோருக்கும் ஒரே நாடகம்தான். கொடுத்த பணம் முதலில் ஆளை இழுத்து வந்திருக்கிறது. பிறகு பணத்தின் வலி மறந்திருக்கிறது. என் பிரச்னைக்கு இது இரண்டு பக்கமும் வெட்டுகிறது. வருஷச் சீட்டுக்காரனும் முதலில் கணக்குக்காகத்தான் போகிறான். கணக்கு மறந்தபிறகு போவதுதான் போவது. அதற்குள் பலருக்குப் போவதே நின்றுவிடுகிறது. உடற்பயிற்சிக்கூட அங்கத்தினர்களைப் பற்றி 2006இல் வந்த டெல்லாவிக்னா, மால்மெண்டியர் கட்டுரை இதைக் காட்டுகிறது. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதம் 4.3 தடவைதான் போனார்கள். தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. 10 டாலருக்குத் தடவைச் சீட்டு அங்கேயே கிடைத்தது. அவர்கள் வாங்கியது உடற்பயிற்சியை இல்லை, நாளைக்குப் போகப்போகிற ஒரு தன்னை. என் மருமகனும் அதைத்தான் வாங்கினார் என்று சொல்வது எனக்குச் சுலபம். என் அலமாரியில் உறை பிரிக்காத தொகுதி நூல்கள் இருக்கின்றன.

கீர்க்ககார்ட் 1843இல் எழுதிய 'திரும்பச் செய்தல்' என்ற நூலில் ஒருவன், முன்பு சந்தோஷமாக இருந்த பெர்லினுக்கு மறுபடி போகிறான். அதே விடுதி, அதே நாடகக் கொட்டகை. ஒன்றும் திரும்பி வரவில்லை. இதைப் படித்தவர்கள் சந்தோஷத்தை மறுபடி அடைய முடியாது என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ அவன் இரண்டாவது தடவையோடு நிறுத்தியதுதான் கோளாறு என்று படுகிறது. இரண்டாவது தடவை எப்போதும் முதல் தடவையோடு ஒப்பிடப்பட்டே சாகிறது. ஏழாவது எட்டாவது தடவையைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

மகள் குடும்பத்துக்கு எத்தனையாவது தடவைவரை கிடைத்தது? 2020 மார்ச் 14 அன்று, பெருந்தொற்றில், பூங்கா மூடப்பட்டது. 2021 ஏப்ரல் 30 வரை திறக்கவில்லை. விற்கப்பட்ட வருஷம் என்று ஒன்று நடக்கவே இல்லை. இடையில் 2021 ஜனவரியில் வருஷச் சீட்டுத் திட்டத்தையே முடித்துக்கொள்வதாகவும், உரியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படும் என்றும் அறிவித்தார்கள். நடக்காத நாட்களைக் கழித்துக் காசாக்க முடிந்தது. நடந்த அந்த ஒரு நவம்பர் நாள் இந்தக் கணக்கில் எங்கே நின்றது என்று மருமகனிடம் கேட்டேன். நான் விளையாடுவதாக நினைத்துச் சிரித்தார்.

2021 ஆகஸ்டில் 'மேஜிக் கீ' என்ற பெயரில் புது ஏற்பாடு வந்தது. 399 டாலரிலிருந்து 1,399 டாலர்வரை நாலு வகை. எந்த வகையானாலும், போகும் நாளை முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். உச்ச விலைச் சீட்டுக்குத் தடைநாள் கிடையாது என்று சொல்லியிருந்தும் வேண்டிய நாளுக்குப் பதிவு கிடைக்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2023இல் 95 லட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று. செய்தியில் பணத்தொகைதான் பெரிதாகப் பேசப்பட்டது. எனக்கு அந்த முன்பதிவுதான் உறுத்தியது. வேலை முடிந்து வழியில் நுழைந்து காபி குடித்தவர் இனி அந்தக் காபியை முன்னாலேயே தீர்மானிக்க வேண்டும். சீட்டு வருஷத்துக்கு இருக்கிறது; அதன் ஒவ்வொரு நாளும் மறுபடி ஒருநாள் டிக்கெட்டாகிவிட்டது. 'என்றைக்கு வேண்டுமானாலும்' என்பதை ஒருவருக்கு விற்றபின் 'என்றைக்கு என்று சொல்' என்று கேட்பது வெறும் ஒப்பந்தப் பிரச்னைதானா என்று நீதிமன்றம் தாண்டியும் யோசிக்கலாம்.

சமீபத்தில் பேத்தியோடு தொலைபேசியில் பேசியபோது, அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "எந்த நாள் தாத்தா?" என்றாள். மூடுவதற்கு முன் ஐந்து தடவை போயிருக்கிறார்கள். அவளுக்கு எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது. என் பழைய கட்டுரைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று ஒரு கணம் அற்ப சந்தோஷம் வந்தது. அதற்குள் அவள் வாத்துகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அந்த ஆற்றில் நிஜ வாத்துகள் இருக்கின்றன. யாரும் கொண்டுவந்து விட்டவை இல்லை, தாமாக வந்தவை. ஒன்றுக்குக் கால் கொஞ்சம் வளைந்திருக்கும். மக்காச்சோளப் பொரி சிந்தும் இடம் அதற்குத் தெரியும். அம்மாவும் அவளும் ஒரு நாள் வேறெங்கும் போகாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எந்த இடத்தில் என்று கேட்டேன். அவள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால், நான் அவளைக் கையைப் பிடித்து எழுப்பிய இடம்தான். அன்றைக்கு அங்கே நான் ஒரு வாத்தையும் பார்க்கவில்லை.