நனைந்த தானியமும் உடைந்த கண்ணாடியும்

மதீனத்துக் கடைத்தெருவில் குவித்து வைத்திருந்த தானியத்தினுள் நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்த வரலாற்றை முப்பது ஆண்டுகளாக மாணவர்கட்குப் பாடம் சொல்லி வருகிறேன். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே நனைந்திருந்தது. காரணம் வினவியபோது, மழையில் நனைந்துவிட்டதென்று வணிகர் விடை சொன்னார். அப்படியாயின் நனைந்த பகுதியை மக்கள் கண்ணிற்படுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்று அண்ணலார் கேட்டார்கள். ஏமாற்றி விற்போருக்குத் தம் கூட்டத்தில் இடமில்லை என்றும் எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம் பெற்றுள்ளது.

தஞ்சைத் தரணியில் பிறந்த பிள்ளைகளுக்கு இதனை விளக்க வேறு உவமை தேட வேண்டுவதில்லை. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவைத்துக்கொண்டு, ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிடுமோ என அஞ்சி நிற்கும் தந்தையரை அவர்கள் கண்டிருக்கிறார்கள். மேலே காய்ந்த நெல்லையும் அடியில் ஈர நெல்லையும் வைத்தால் என்ன நேரும் என்பது அவர்களுக்கு நன்கு தெரியும்.

அந்தப் பாடம் சென்ற ஆண்டு என்னையே தேர்வுக்கு உட்படுத்தியது.

வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் என் மகன், தன் தாயாரின் முகத்தை நாள்தோறும் காண வேண்டுமென்று ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்திருந்தான். ஓர் இரவு, இஷாத் தொழுகைக்குப் பின் திண்ணையில் அமர்ந்து அவனுடன் பேசி முடித்து, அதனை உள்ளே எடுத்துச் செல்கையில் என் கையினின்று நழுவிக் கருங்கற்படியில் வீழ்ந்தது. திரையெங்கும் சிலந்தி வலைபோல் விரிசல். வாங்கி ஒன்பது திங்களே ஆகியிருந்தன. செய்தியறிந்து வந்த என் தங்கை மகன், “மாமா, கீழே விழுந்ததுன்னு சொல்லிடாதீங்க. வச்ச இடத்துல தானாவே விரிசல் விட்டுச்சுன்னு சொல்லுங்க. இன்னும் வாரண்டி இருக்கு, சும்மாவே மாத்திக் கொடுத்துடுவாங்க” என்று யோசனை கூறினான். நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். தஞ்சாவூர் செல்லும் பேருந்தில் அவ்வாசகத்தை மனத்துக்குள் இருமுறை சொல்லியும் பார்த்தேன்.

நிறுவனத்தாரின் சர்வீஸ் சென்டரில் இருந்த பெண்பிள்ளை ஒரு படிவத்தை நீட்டி, “எப்படி சார் உடைஞ்சுது?” என்று கேட்டாள். என் பேனா சற்று நின்றது. பின்னர், ‘என் கை தவறிக் கற்படியில் விழுந்தது’ என்று எழுதினேன். அவ்வரியைப் படித்ததும் அவள் கணக்கிட்டுச் சொன்ன தொகை ரூ.9,500. கைப்பேசியின் விலையே ரூ.18,000 தான். எட்டு நாள் ஆகும். உள்ளிருக்கும் படங்களும் எண்களும் அழிக்கப்படலாம். அதற்கு இசைந்து கையொப்பமிட வேண்டும். “படம் தெளிவாகத் தெரிகிறதே அம்மா, மேற்கண்ணாடியை மட்டும் மாற்றக் கூடாதா?” என்றேன். “கண்ணாடி தனியா வராது சார். முழு டிஸ்ப்ளேதான்” என்றாள். வாங்கும் வேளையில் இதனை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. யோசித்து வருவதாகக் கூறி எழுந்தேன்.

அன்று முதல் ஒரு வினா என் மனத்தை விட்டு அகலவில்லை. பொருளை விற்றவுடன் செய்தவரின் பொறுப்புத் தீர்ந்து விடுகிறதா? வாங்கியவுடன் அது முழுவதும் என்னுடையதாகி விடுகிறதா?

என் பக்கம்

முதலில் என் பக்கத்தைப் பார்ப்போம். காவிரிக்கரை ஊர்களில் பெரிதும் ஹனஃபி மத்ஹபையும், நாகை, அதிராம்பட்டினம் முதலிய கடற்கரைப் பகுதிகளில் பெரிதும் ஷாஃபிஈ மத்ஹபையும் பின்பற்றுகின்றனர். இவ்விரு மத்ஹபுகளின் நூல்களும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. ஒப்படைக்கும் முன்பே பொருளில் மறைந்திருந்த குறை விற்றவரைச் சாரும். அதனைக் காரணம் காட்டி வாங்கியவர் திருப்பித் தரலாம். வாங்கியவர் கையில், அவர் செயலால் நேர்ந்த குறை அவரையே சாரும். இக்காலத்து வாரண்டியும் இதன் வழிப்பட்டதுதான். செய்முறைக் குறைக்கு நிறுவனம் கொடுக்கும் வாக்கு அது. என் கை தவறியதற்கு அதில் இடமில்லை.

‘அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு ஒரு கண்ணாடியால் என்ன நட்டம் வந்துவிடும்?’ என்று மனம் வாதாடத்தான் செய்கிறது. ஆயின் அந்தப் பொய்யின் விலையை நிறுவனம் மட்டுமே கொடுப்பதில்லை. கைப்பேசிக் கண்ணாடியைப் பொட்டாசிய உப்பின் கொதிக்குழம்பில் ஊறவைத்து வலுவேற்றுகிறார்கள். கண்ணாடியின் மேற்புறத்திலுள்ள சிறிய சோடிய அயனிகள் வெளியேற, அவ்விடங்களில் பெரிய பொட்டாசிய அயனிகள் நெருக்கியடித்துப் புகுந்து, மேற்பரப்பை இறுக்கிப் பிடிக்கின்றன. அவ்விறுக்கத்தைத் தாண்டி ஆழமாகக் கீறல் விழுந்தால் கண்ணாடி உடைகிறது. செய்யும்போதே குறை நேர்ந்த கண்ணாடியும் உண்டு. அத்தகைய ஒன்றை வாங்கிய ஏழை, ‘இது விழாமலே உடைந்தது’ என்று உண்மையைச் சொல்லி நிற்கும்போது ஏன் நம்பப்படுவதில்லை? அவருக்கு முன் வந்தவர்கள் அதே வாசகத்தைப் பொய்யாகச் சொல்லிச் சென்றதால்தான். ஈர நெல்லைக் கலந்து கொடுத்தவன் சென்றுவிடுவான். அடுத்த நாள் காய்ந்த நெல்லைக் கொண்டுவந்தவனின் மூட்டைதான் குத்திப் பார்க்கப்படும்.

ஆகவே விழுந்ததை விழுந்ததென்று சொல்வது என் கடமை. அதற்குரிய செலவும் என்னுடையதே. இதில் எனக்கு ஐயமில்லை.

செய்தவர் பக்கம்

இனி, செய்தவர் பக்கத்துக்கு வருவோம். அவர்களுக்கும் நியாயங்கள் உண்டு. கண்ணாடி, தொடுவுணர் தகடு, ஒளிரும் தகடு ஆகிய மூன்றையும் பசையால் ஒன்றாக ஒட்டிவிடுவதால்தான் திரை மெலிதாகவும் தெளிவாகவும் அமைகிறது. மேற்கண்ணாடி உடைந்தால் முழுத்திரையையும் மாற்ற நேர்வது அதனாலேயே. பழகாத கை திறந்தால் மின்கலம் தீப்பற்றலாம். நீர் புகாமற் காக்கும் ஒட்டு பிரிந்து போகலாம். விலை மிகுதி என்ற ஒன்றைக் கொண்டு மட்டும் அநீதி என்று கூறிவிட முடியாது.

ஆனால் பழுது பார்க்கும் வழியைத் தம் கையிலேயே பூட்டி வைத்துக்கொள்வது வேறு செய்தி. 2021-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 13 வெளிவந்தபோது, வெளியாள் திரையை மாற்றினால் முகம் அறிந்து திறக்கும் வசதி நின்றுவிடுகிறது என்று பழுது பார்ப்போர் கண்டனர். கண்டனம் எழுந்தபின், அதனைத் திருத்துவதாக நிறுவனம் அறிவித்தது. நம் நாட்டில் 2014 ஆகஸ்டு 25-ஆம் நாள், இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544 கோடிக்கு மேல் தண்டம் விதித்தது. உதிரிப்பாகங்களை வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தார்கள் என்பதே அவர்கள் மீதான முதன்மைக் குற்றச்சாட்டு. வழக்கு மேல்முறையீடுகளுக்குச் சென்றது. எனினும் வினா நாட்டின் முன் வைக்கப்பட்டுவிட்டது.

வணிக ஒப்பந்தத்தின் நோக்கத்துக்கே முரணான நிபந்தனையை ஃபிக்ஹு அறிஞர்கள் ஏற்பதில்லை. ஒரு வீட்டை விற்றுவிட்டு, ‘நீ இதில் குடியிருக்கக் கூடாது’ என்பது போன்றது அது. உடைமை என்பதன் பொருள் ஆளும் உரிமை. ஆளும் உரிமையில் செப்பனிடும் உரிமை அடங்காதா? கூரை ஒழுகினால் கொத்தனாரை நான் தேர்ந்துகொள்ளலாம். கைப்பேசி உடைந்தால் மட்டும் விற்றவரின் வாசலிலேயே நிற்க வேண்டுமா? இதனை ஃபத்வாவாகக் கூறவில்லை. அறிஞர்களின் சிந்தனைக்காக முன்வைக்கிறேன்.

நம் மண்ணின் வழக்கமும் இதுவன்று. சுமார் 2,000 ஆண்டுகட்கு முன் கரிகாலன் கட்டியதெனப் போற்றப்படும் கல்லணை, கட்டியவர் மட்டுமே காக்க வேண்டும் என்றிருந்தால் இன்று நின்றிருக்குமா? 19-ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் அதனைக் கூர்ந்து கற்று, பழுது நீக்கி, மணல் சேராதிருக்க வழி செய்தார். 1836-இல் முக்கொம்பில் மேலணையையும் எழுப்பினார். வாய்க்காலைத் தூர்வாருவதும் கரையை அடைப்பதும் பாசனம் பெறும் ஊராரின் பணி என்பதே குடிமராமத்து. பயன்படுத்துகிறவன் பழுது பார்க்கவும் அறிந்திருந்தான். என் இளமையில், ரமலான் பிறைக்கு முன் எங்கள் தெருவுக்குக் கலாய் பூசுபவர் வருவார். தெருமுனையில் துருத்தி ஊதி, கஞ்சி காய்ச்சும் தேக்சாக்களை எல்லாம் வெள்ளி போலாக்கித் தருவார். அத்தேக்சாக்களை வார்த்த கும்பகோணத்துக் கன்னாரிடம் எவரும் இசைவு கேட்டதில்லை.

அரபியில் பழுது நீக்குவதற்கு இஸ்லாஹ் என்று பெயர். பிணங்கியோரை இணக்கும் ஸுல்ஹ், நல்லடியாரைக் குறிக்கும் ஸாலிஹ் ஆகிய சொற்களும் அதே வேரிலிருந்து பிறந்தவை. தமிழிலும் அத்தகைய உறவு உண்டு. செப்பனிடுதல் என்கிறோம், வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் நேர்மைக்குச் செப்பம் என்னும் சொல்லை ஆளுகிறார். அவ்வதிகாரத்தின் கடைசிக் குறள் வாணிகத்தைப் பற்றியது என்பது கருதத்தக்கது. பழுது பார்ப்பதும் நேர்மையும் இருமொழியிலும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன.

மேலே வைக்க வேண்டியது

அப்படியாயின் செய்தவரிடம் நாம் கேட்க வேண்டியது யாது? இலவசமாக மாற்றித் தாருங்கள் என்பதன்று. நனைந்ததை மேலே வையுங்கள் என்பதே. திரை உடைந்தால் என்ன செலவாகும், உதிரிப்பாகம் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும், வெளியாள் பழுது பார்க்க இயலுமா என்பவற்றை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். பிரான்சு நாட்டில் 2021 ஜனவரி முதல் நாளிலிருந்து, பழுது பார்க்க எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டுக் கைப்பேசிகளை விற்கும் முறை வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், ஒரு வகைக் கைப்பேசியின் விற்பனை நின்ற பின்னும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும் என்கின்றன. நம் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமை குறித்து 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. கைப்பேசியோடு வேளாண் கருவிகளும் அதன் ஆய்வில் இடம் பெற்றன. அறுவடை நாளில் இயந்திரம் நின்றுபோன வயலைக் கண்டவர்கள் அதன் அருமையை அறிவார்கள். மதிப்பெண் முறை பற்றிப் பின்னர் அமைந்த மற்றொரு குழு, 2025 மே மாதத்தில் அறிக்கை அளித்தது. வாங்குமிடத்திலேயே அம்மதிப்பெண் தெரிய வேண்டும் என்பது அதன் பரிந்துரை. சட்டமும் விதியும் வரும்போது வரட்டும். கடையில் நிற்கும்போது இவ்வினாக்களைக் கேட்க நமக்கு எவருடைய இசைவும் வேண்டியதில்லை.

பழுது பார்ப்பவருக்கும் கடமை உண்டு. கூலிக்கு வேலை ஏற்கும் கைவினைஞரிடம் பொருள் கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்பதை நம் இமாம்கள் நுணுகி ஆராய்ந்தார்கள். அவரது செயலால் அன்றி அழிந்தால் அவர் பொறுப்பல்லர் என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). தவிர்க்கவியலாத பேரிடர் நேர்ந்தாலன்றி அவர் பொறுப்பே என்றார்கள் அவர்களின் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் (ரஹ்). துணிக்கும் நகைக்கும் சொன்னது இது. கைப்பேசியிலோ வீட்டுப் பெண்களின் படமும், பிள்ளைகளின் கடிதமும், வங்கிக் கணக்கும் உள்ளன. அதனை ஒருவர் கையில் கொடுப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பான அமானத்.

அன்று கீழவாசல் பக்கத்துச் சந்து ஒன்றில், ஓராள் மட்டுமே அமரக்கூடிய ஒரு கடையில் ஏறினேன். அவ்விளைஞர் கைப்பேசியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் கேளாமலே சொன்னார்: “பாய், இது கம்பெனி டிஸ்ப்ளே இல்ல. வெளிச்சம் கொஞ்சம் கம்மியாத் தெரியும். தண்ணி பட்டா நான் பொறுப்பில்ல. மூணு மாசத்துக்குள்ள டச் நின்னுச்சுன்னா நானே மாத்தித் தர்றேன். மூவாயிரத்து இருநூறு ஆகும். சரின்னா உக்காருங்க, உங்க முன்னாலயே மாட்டுறேன்.” வெப்பத் தகட்டில் வைத்து, பழைய திரையைப் பிரித்து, புதியதை ஒட்டி, பசை இறுகும் வரை கவ்விகளால் பிடித்து வைத்தார். ஒருமுறை தொட்டுப் பார்த்ததைத் தவிர உள்ளே எதையும் திறக்கவில்லை. எல்லாக் கடைக்காரரும் இப்படி இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. இவர் தம் குவியலில் நனைந்திருந்ததையெல்லாம் மேலே எடுத்து வைத்துவிட்டே விலை பேசினார்.

இரவு மகனின் முகம் சற்று மங்கலாக, ஆனால் உடையாமல் தெரிந்தது. தங்கை மகன் வந்து, “என்ன மாமா சொன்னீங்க?” என்று கேட்டான். எழுதியதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “எவ்வளவு ஆச்சு?” என்றான். தொகையைச் சொன்னேன். மறுநாள் காலை மதரஸாவில் அந்தத் தானியக் குவியலின் பாடம் வந்தது. என்னால் தலைநிமிர்ந்து சொல்ல முடிந்தது.