அசையாத நாற்காலி

உறுதியான ஆட்சி! உரத்த குரலில் உச்சரிக்கப்படும் சொல் இது. "ஆண்டுக்கோர் அமைச்சரவை என்றால் நாடு எப்படி உருப்படும்? கட்சிகளின் கூச்சலை அடக்கிக் கண்டிப்போடு ஆள ஒருவர் வேண்டும், அவர் நெடுங்காலம் ஆள வேண்டும்" என்று பேசுவோர் பாமரர் அல்லர், பட்டம் பெற்றோர், பதவியில் இருப்போர், பல நாடுகளைச் சுற்றி வந்தோர். நாடுகளை அவர்கள் ஒப்பிடும் முறை மிக எளிது. எங்கே ஒருவர் அதிக ஆண்டுகள் ஆண்டாரோ அது நிலையான நாடு; நிலையான நாடே நல்ல நாடு. கணக்கு முடிந்தது!

முடிந்துவிட்டதா? ஆண்டுகளை எண்ணுகிறவர்கள், அந்த ஆண்டுகளில் ஆளப்பட்டவர்களை எண்ணினார்களா? நிலைத்தது எது, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்டார்களா? நம்பு என்றதும் நம்பிவிடுவது பகுத்தறிவாளர் வழக்கமன்று. இரண்டு நாடுகளை எடுத்து எதிரெதிரே நிறுத்திப் பார்ப்போம். போர்ச்சுகல், இத்தாலி. இரண்டும் தென் ஐரோப்பிய நாடுகள். இரண்டிலும் கத்தோலிக்கத் திருச்சபையின் கை ஓங்கியிருந்தது. இரண்டிலும் நிலம் சிலரிடம், வறுமை பலரிடம். ஒப்பிடத் தகுந்த இணைதான்.

போர்ச்சுகல் 1910-ல் மன்னரை விரட்டிக் குடியரசாயிற்று. அடுத்த பதினாறு ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட அமைச்சரவைகள் தோன்றி மறைந்தன. விலைவாசி ஏறிற்று, வீதியில் வெடிச்சத்தம் கேட்டது. 1926 மே 28-ல் படைத்தலைவர்கள் ஆட்சியைப் பறித்தனர். பறித்தவர்களுக்குக் கருவூலத்தைக் காக்கத் தெரியவில்லை. கோயிம்பிரா பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் சலாசாரை 1928-ல் நிதி அமைச்சராக்கினர். அவர் வரவையும் செலவையும் சரிக்கட்டிக் காட்டினார். நாடே வியந்தது. 1932-ல் தலைமை அமைச்சரானார்; 1968 வரை அந்த நாற்காலி அசையவில்லை. முப்பத்தாறு ஆண்டுகள்! உறுதி வேண்டுவோர் இதைவிட உறுதியான ஆட்சியை எங்கே தேடுவர்?

அந்த உறுதியின் அடித்தளம் எது என்று தோண்டிப் பார்ப்போம். ஏடுகளைத் தணிக்கை செய்ய நீலப் பென்சில் ஏந்திய அலுவலர்கள் இருந்தனர். அவர்கள் கோடு கிழித்த செய்தி அச்சேறாது. (அந்தப் பென்சிலை நாம் அறியாதவர்கள் அல்லோம். 1975 சூன் முதல் 1977 மார்ச் வரை இந்நாட்டு ஏடுகளின் மீதும் அது ஓடிற்று.) எதிர்ப்போரைத் தேடிப்பிடிக்க இரகசியப் போலீசு இருந்தது. பிடிபட்டோரை அடைக்க, கடல் கடந்த கேப் வெர்தே தீவில் தராஃபால் சிறைமுகாம் 1936-ல் திறக்கப்பட்டது. 1958 குடியரசுத் தலைவர் தேர்தலில் தளபதி தெல்காடோ எதிர்த்து நின்று, வென்றால் சலாசாரைப் பதவியிலிருந்து நீக்குவேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். முடிவு? தெல்காடோ தோற்றதாக அறிவிப்பு வந்தது; அடுத்த ஆண்டே, குடியரசுத் தலைவரை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கும் உரிமை நீக்கப்பட்டது; 1965-ல் இசுபானிய எல்லையருகே இரகசியப் போலீசார் தெல்காடோவைக் கொன்றனர்.

பள்ளியில் பாடம் சொல்லும் எனக்கு இவற்றைவிட உறுத்துகிற செய்தி ஒன்றுண்டு. கட்டாயப் பள்ளிப்படிப்பை மூன்று ஆண்டுகளாகச் சுருக்கிய ஆட்சி அது. பெண் பிள்ளைகளுக்கு நான்காம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்டது 1960-ல்தான். 1936-ல் வந்த ஆணை ஒன்று, தொடக்கப்பள்ளி ஆசிரியை திருமணம் செய்துகொள்ள வேண்டுமானால் கல்வி அமைச்சகத்தின் அனுமதி பெற வேண்டும் என்றது. மணமகனின் நடத்தையும் வருவாயும் அரசுக்கு மனநிறைவு அளிக்க வேண்டுமாம்! வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்து, அடுப்பங்கரை வரை நடந்து, அங்கும் ஆணை பிறப்பித்தது அந்த உறுதி. 1940-ல் வாத்திகனோடு செய்த உடன்படிக்கைப்படி, திருச்சபையில் மணந்தவர்களுக்கு நீதிமன்றம் மணவிலக்கு வழங்கும் வழி அடைபட்டது. அரியணையும் பலிபீடமும் கைகோத்தால் அடைபடுவது பெண்ணின் வாழ்வு என்பதை நம் இயக்கத்தாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

கோவாவை விட மறுத்து 1961 டிசம்பரில் அதை இழந்த பின்னும் சலாசாருக்குக் கண் திறக்கவில்லை. அங்கோலா, கினி, மொசாம்பிக் மூன்றிலும் மூண்ட விடுதலைப் போர்களை அடக்க ஏழை வீட்டு இளைஞர்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். போருக்கும் பசிக்கும் தப்பி இலட்சக்கணக்கானோர் மலைவழியே, திருட்டுத்தனமாகப் பிரான்சுக்கு ஓடினர். உறுதியான நாட்டை விட்டு ஓடினரே, அவர்கள் முட்டாள்களா? 1970 கணக்கெடுப்பில் போர்ச்சுகலில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு எழுத்தறிவில்லை.

1968-ல் சலாசார் நாற்காலியிலிருந்து விழுந்து மூளை பாதிக்கப்பட்டார். பதவி வேறொருவருக்குப் போயிற்று. அதை அவரிடம் சொல்ல யாருக்கும் துணிவில்லை. தாமே ஆள்வதாக எண்ணிக்கொண்டு 1970-ல் இறந்தார் என்பர். உண்மையைக் கேட்க விரும்பாதவரைச் சுற்றி வேறு எத்தகையோர் இருப்பர்?

இனி இத்தாலி. முசோலினியின் இருபதாண்டு உறுதி, போரிலும் அழிவிலும் முடிந்தது. 1946 சூன் 2-ல் மக்கள் வாக்களித்து முடியாட்சியை நீக்கினர். நாடு தழுவிய வாக்கெடுப்பில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்ததும் அன்றுதான். அன்றுமுதல் அறுபதுக்கும் மேற்பட்ட அமைச்சரவைகள்! சராசரியில் ஒவ்வொன்றின் ஆயுளும் ஓராண்டைச் சற்றே தாண்டும். இத்தாலிய அமைச்சரவையைப் பற்றிய கேலிக்கு ஐரோப்பாவில் பஞ்சமில்லை. ஆனால் கேலி செய்யப்பட்ட அந்த அவையில் 1950-ல் நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்தன. 1962-ல் பதினான்கு வயதுவரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகைப் பள்ளியில் படிக்கச் சட்டம் வந்தது. 1970-ல் மணவிலக்குச் சட்டம் வந்தது. 1978-ல் அனைவருக்குமான நலவாழ்வுப் பணி வந்தது. மணவிலக்குச் சட்டத்தை நீக்கக் கோரித் திருச்சபையின் ஆதரவாளர்கள் மக்கள் வாக்கெடுப்பு வரை போயினர். 1974 மே மாதத்தில் மக்கள் விடை கூறினர்: நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேர், சட்டம் இருக்கட்டும் என்றனர். 1971 கணக்கெடுப்பில் எழுத்தறியாதோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர்.

இத்தாலியைப் பொன்னுலகம் என்று நான் சொல்லவில்லை. அமைச்சரவை மாறினும் கிறித்தவ சனநாயகக் கட்சியே ஏறத்தாழ அரை நூற்றாண்டு எல்லா அரசுகளிலும் வீற்றிருந்தது. ஆடியது நாற்காலி, அமர்ந்திருந்த கூட்டம் ஒன்றே. 1969-ல் மிலான் வங்கியில் குண்டு வெடித்தது. 1978-ல் முன்னாள் தலைமை அமைச்சர் மோரோ கடத்திக் கொல்லப்பட்டார். 1992-ல் தொடங்கிய ஊழல் விசாரணை, பெருங்கட்சிகளையே உருத்தெரியாமல் ஆக்கிற்று. ஆனால் அந்த ஊழலை விசாரிக்க நீதிமன்றம் இருந்தது, எழுத ஏடு இருந்தது. சலாசாரின் நாட்டில் நீலப் பென்சில் இருந்தது.

"வைமரை மறந்தீரோ?" என்று கேட்பர் சிலர். கேட்க வேண்டிய கேள்விதான். 1919 முதல் 1933 வரை செருமனியில் ஏறத்தாழ இருபது அமைச்சரவைகள். முடிவில் வந்தவன் இட்லர். போர்ச்சுகலின் முதற் குடியரசும் குழப்பத்தால்தான் மாண்டது. கூலிக்காரன் வீட்டில் அரிசி விலை நாளொன்று விற்றால், அவனிடம் பேச்சுரிமையைப் புகழ்ந்து பயனில்லை; குழப்பத்தில் முதலில் பட்டினி கிடப்பவன் அவன்தான். ஆகவே கவிழ்வதே சிறப்பு என்று யாரும் வாதிட முடியாது. நிலைக்க வேண்டியது ஒன்றுண்டு. அது ஆள்வோரின் நாற்காலியன்று. ஆள்வோரை இரத்தம் சிந்தாமல் இறக்கும் வழி.

அந்த வழியை எப்படிச் செப்பனிடுவது என்பதை, அடிபட்ட செருமானியரே காட்டினர். 1932 செப்டம்பரில் பாப்பன் அரசுக்கு எதிராக 512 வாக்குகள், ஆதரவாக 42. எதிர்த்தவர்களில் நாசிகளும் இருந்தனர், கம்யூனிஸ்டுகளும் இருந்தனர். கவிழ்க்கக் கைகோத்தவர்கள், ஆக்கக் கைகோக்க முடியுமா? 1949-ல் மேற்கு செருமனி இயற்றிய அடிப்படைச் சட்டம் இதற்கொரு பூட்டுப் போட்டது. தலைமை அமைச்சரை மன்றம் நீக்கலாம். ஆனால் அடுத்தவரைப் பெரும்பான்மையால் தேர்ந்தெடுத்தே நீக்க வேண்டும். அந்தப் பூட்டு வெற்றியோடு திறக்கப்பட்டது ஒரே முறை, 1982-ல். இசுமிட் இறங்கினார், கோல் ஏறினார். யார் வாயையும் கட்டாமல், எந்த முகாமும் திறக்காமல் கிடைத்த உறுதி அது.

போர்ச்சுகலின் உறுதிக்கோ 1974 ஏப்ரல் 25-ஆம் நாள் ஒரே பகலில் முடிவு வந்தது. காலனிப் போரில் சலித்த இளம் படையதிகாரிகள் எழுந்தனர். மக்கள் அவர்களுடைய துப்பாக்கிகளில் செந்நிற மலர்களைச் செருகினர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆறு இடைக்கால அரசுகள்! எத்துணைக் கூச்சல், எத்துணைக் குழப்பம்! ஆயினும் 1975 தேர்தலில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். 1976-ல் அரசியலமைப்பு வந்தது. 1926-ல் தொடங்கிய சர்வாதிகாரத்தின் ஆயுளை, அதன்பின் வந்த மக்களாட்சி 2022-ல் கடந்துவிட்டது.

சர்வாதிகாரம் இல்லாத இடத்திலும் இந்தக் கேள்வி விடுவதில்லை. உறுதிக்கு உலகம் காட்டும் எடுத்துக்காட்டு சுவிட்சர்லாந்து. அங்கே ஏழு பேர் அடங்கிய அரசு. 1959 டிசம்பரில் நான்கு கட்சிகள் அந்த ஏழு இடங்களைப் பங்கிட்டுக்கொண்ட முறை 2003 வரை மாறவில்லை. அதே 1959-ல், பிப்ரவரியில், பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று ஆண்களைக் கேட்டனர். மூன்றில் இரு பங்கினர் வேண்டாம் என்றனர். நாட்டில் பாதிப்பேரை வாயிலில் நிறுத்திவைத்து, உள்ளே எவ்வளவு அமைதி என்று வியந்தது உலகம்! பெண்கள் விடவில்லை. 1971-ல் மூன்றில் இரு பங்கு ஆண்கள் இசைந்தனர்.

ஒரு மாநிலம் கடைசி வரை தன் உள்ளூர் வாக்கெடுப்பில் பெண்களைச் சேர்க்க மறுத்தது. உள் அப்பென்செல். அங்கே ஆண்டுதோறும் ஊர்ச் சதுக்கத்தில் கூடிக் கையுயர்த்தி வாக்களிப்பர். வாக்குரிமைக்கு அடையாளமாக ஆண்கள் இடையில் வாள் தரித்து வருவர். 1990 ஏப்ரலில் கூட அந்த வாள்கள் பெண்களுக்கு இடமில்லை என்றன. அதே ஆண்டு நவம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அந்த மறுப்புச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1991 ஏப்ரல் 28-ல் சதுக்கத்துக்குள் பெண்கள் நுழைந்தனர். அவர்கள் கையில் வாள் இல்லை, ஒரு சீட்டு இருந்தது.